சாரதியில்லா ஊர்தியும் கம்பளை வீதியும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதி கெலிஓயாக் கடைத்தெருவுக்குள் நுழைகின்ற இடத்தில், பாடசாலை விடும் வேளையில் சற்று நின்று கவனிப்பவருக்கு, வாகனம் ஓட்டுதல் என்பது கையும் காலும் செய்கின்ற தொழில் மாத்திரமன்று, கண்ணோடு கண் நடத்துகின்ற ஓயாத சம்பாஷணையும் ஆகும் என்பது விளங்கும். நாவலப்பிட்டியிலிருந்து வரும் பஸ் ஒன்று தரிப்பிடத்துக்குச் சிறிது முன்னதாகவே வேகம் தணிகிறது. மிதிபலகையில் நிற்கும் நடத்துனர், இடப்புறமாக நுழையப் பார்க்கும் முச்சக்கர வண்டிக்குத் தம் உள்ளங்கையைக் காட்டுகிறார். அந்தச் சைகையைத் தமக்கும் உரியதாக எடுத்துக்கொண்ட மூதாட்டி ஒருவர் மரக்கறிப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வீதியில் இறங்குகிறார். எதிரே வரும் லொறிக்காரர் முன்விளக்கை ஒரு தடவை மின்ன விடுகிறார். அந்த மின்னலுக்கு, வழி விடுகிறேன் என்றும் பொருளுண்டு, நான் வந்துவிட்டேன் நில்லுங்கள் என்றும் பொருளுண்டு. இரண்டில் எது என்பதை லொறியின் வேகத்தையும் சாரதியின் முகத்தையும் பார்த்து அந்த மூதாட்டி அரைக்கணத்தில் நிர்ணயித்துவிடுகிறார். வீதிச் சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாஷையை நாம் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. தாயின் கையைப் பற்றிக்கொண்டு வீதியைக் கடந்த நாள் முதலாகத் தானே நம்முள் ஊறிவிட்டது.

ஆசனத்தில் மனிதர் எவரும் இல்லாமல் தானே ஓடுகின்ற ஊர்திகள் அமெரிக்காவின் சில நகரங்களில் இன்று கட்டணம் பெற்றுக்கொண்டு பிரயாணிகளை ஏற்றிச் செல்கின்றன. அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் வேமோ நிறுவனம் 2020 ஒக்ரோபரிலேயே இந்தச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இந்த வித்தையின் வளர்ச்சியில் தமிழ்நாட்டிலே கல்வி பயின்றவர் ஒருவருக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பட்டதாரியான ரகுநாதன் ராஜ்குமார், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து இத்துறையில் பல ஆண்டுகளாக உழைத்து வருபவர். 2007 நவம்பர் 3ஆம் திகதி கலிஃபோர்னியாவில் நடந்த சாரதியில்லா ஊர்திப் பந்தயத்தில் அப்பல்கலைக்கழகத்தின் ‘பொஸ்’ என்னும் ஊர்தி, மனிதர் ஓட்டிய வாகனங்களுக்கிடையே நகர வீதி போன்ற பாதையில் ஓடி, முதற்பரிசைப் பெற்றது.

இத்தகைய ஊர்தி உலகத்தைக் காண்கின்ற விதம் நம்முடையதினின்றும் வேறானது. அதன் மேலிருக்கும் லேசர்க் கருவி எண்ணற்ற ஒளித்துடிப்புகளை நாற்புறமும் வீசி, ஒவ்வொன்றும் எதிலோ பட்டுத் திரும்பி வருவதற்கு எடுத்த நேரத்தை அளக்கிறது. விநாடியை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குள் ஒளி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரம் சென்றுவிடும். ஆகையால் அந்த நுண்ணிய நேரத்தை அளக்க முடிந்தால் எதிரேயிருக்கும் பொருளின் தூரத்தையும் அங்குல சுத்தமாகச் சொல்லிவிடலாம். ராடார் அலைகள் பொருளின் வேகத்தைச் சொல்கின்றன. கமராக்கள் நிறத்தையும் எழுத்தையும் படிக்கின்றன. மூன்றும் தருகின்ற செய்திகளைக் கணினி ஒன்றுசேர்த்து, ‘இது மனிதன்’ என்று முடிவாகச் சொல்லாமல், ‘இது மனிதனாக இருப்பதற்கு நூற்றுக்கு இத்தனை பங்கு இடமுண்டு’ என்று கணித்து, அடுத்த சில விநாடிகளில் அப்பொருள் எங்கே இருக்கக்கூடும் என்பதையும் அதே முறையிலே அனுமானிக்கிறது. றம்பொடைப் பக்கத்தில் இறங்குகின்ற மாலைப் பனிமூட்டம் லேசர் ஒளியைச் சிதறடித்துவிடும்; ராடார் பனியை ஊடுருவும், ஆனால் எதிரே நிற்பது கற்பாறையா மாடா என்று அதற்குச் செவ்வையாகத் தெரியாது. அதனாலேயே ஒரு புலனை மாத்திரம் நம்பாமல் பல புலன்களை ஒன்றுக்கொன்று சாட்சியாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் எவ்விடத்தில் இடறும் என்பதை 2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, அரிசோனாவின் டெம்பே நகரில் நடந்த மரணம் காட்டிற்று. சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு அகன்ற வீதியைக் கடந்த பெண்மணி ஒருவர் மீது, ஊபர் நிறுவனம் பரீட்சை செய்துகொண்டிருந்த தானோடி ஊர்தி மோதியது. தானோடி வாகனத்தால் பாதசாரி ஒருவர் உயிரிழந்த முதல் நிகழ்ச்சி அதுதான். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை வெளிப்படுத்திய விவரங்களை, இந்த யந்திரங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல விரும்பும் எவரும் ஒரு முறையேனும் அறிந்துகொள்ளல் நலம். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே ராடார் அப்பெண்மணியைக் கண்டுகொண்டது. கண்ணிருந்தும் கருத்தில்லாமற் போயிற்று. கணினி அவரை முதலில் ஒரு வாகனம் என்றது; பின்னர் இன்னதென்று தெரியாத பொருள் என்றது; அதன்பின் சைக்கிள் என்றது; ஒவ்வொரு தடவை பெயரை மாற்றியபோதும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தை மறந்து, அப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கின்ற அந்நியர் போல அவரை மீண்டும் புதிதாகக் கண்டது. ஆதலால் அவர் வீதியின் குறுக்கே வந்துகொண்டிருக்கிறார் என்னும் எளிய உண்மை அதன் சித்தத்தில் உருவாகவே இல்லை. மோதல் தவிர்க்க இயலாதது என்று கடைசியாக அது உணர்ந்தபோது 1.2 விநாடியே எஞ்சியிருந்தது. வீணான எச்சரிக்கைகளால் வண்டி அடிக்கடி திடுக்கிட்டு நிற்கலாகாதென்று கருதி, அத்தகைய தருணத்தில் ஒரு விநாடி பொறுத்துப் பார்க்கும்படி அதனை வடிவமைத்தவர்கள் கட்டளை எழுதி வைத்திருந்தார்கள். உற்பத்திச் சாலையிலேயே வொல்வோ வண்டியில் பொருத்தப்பட்டிருந்த தானியங்கு பிரேக்கையும், தங்கள் ஏற்பாட்டுக்கு இடைஞ்சல் என்று, நிறுத்தி வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கென ஆசனத்தில் அமர்ந்திருந்தவரோ கைத்தொலைபேசியில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துகின்ற வரி அந்த அறிக்கையில் வேறொன்று உண்டு. பாதசாரிக் கடவை அல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடக்கக்கூடும் என்பது அந்த யந்திரத்தின் கணக்கிலேயே இருக்கவில்லை. வெள்ளைக்கோடு இருக்கின்ற இடத்தில்தான் மனிதர் கடப்பார்கள் என்று நினைக்கும் சாரதி ஒருவரைக் கெலிஓயாக் கடைத்தெருவில் கால்மணி நேரம் ஓட்டவிட எவருக்கு மனம் வரும்?

ஆனால் யந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, மனிதச் சாரதியை நிரபராதி என்று விடுதலை செய்வதும் நியாயமாகாது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் மாள்கிறார்கள். நம் இலங்கைத் தீவிலே மாத்திரம் அந்தத் தொகை ஆண்டொன்றுக்கு 2,000க்கு மேற்பட்டதாக இருந்து வருகிறது. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் பயணிகளை ஏற்றி வந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கொத்மலை, கெரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியாவிலிருந்து இறங்கிக் கம்பளையைத் தொட்டு எங்கள் ஊராகிய கெலிஓயா வழியாகப் பேராதனையை அடைகின்ற அதே வீதியின் மேற்பகுதிதான் அது. அன்று காலை முதல் அவ்வீதியில் பயணித்தவர்கள் ஒவ்வொரு வளைவிலும் இருக்கையின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார்கள். ஆயினும் மறுநாளும் பஸ் ஏறினார்கள், அதற்கடுத்த நாளும் ஏறினார்கள்.

அரிசோனாவில் ஒரே ஒரு மரணம் உலகமெங்கும் தலைப்புச் செய்தியாகி ஊபர் தன் பரீட்சைகளை நிறுத்தி வைக்கும்படி செய்தது. மனிதர் ஓட்டுகின்ற வண்டிகளால் நாடோறும் நேர்கின்ற ஆயிரக்கணக்கான மரணங்களை நாம் மழைபோல, வெயில்போல ஏற்றுக்கொள்கிறோம். இது அறியாமையா? அவ்வாறு சொல்லிவிடுதல் எளிது. அபாயத்தை ஆராய்ந்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. 1969இல் சோன்ஸி ஸ்டார் என்னும் பொறியியல் அறிஞர், மனிதர் தாமே விரும்பி ஏற்கின்ற அபாயங்களையும், பிறர் தம்மீது சுமத்துகின்ற அபாயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, முன்னதை நாம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாகப் பொறுத்துக்கொள்கிறோம் என்று கணித்தார். போல் ஸ்லோவிக் என்னும் உளவியல் அறிஞர் 1987இல் அதனை மேலும் விளக்கினார்: பீதியை எழுப்புகின்ற தன்மையும், இன்னது நடக்கும் என்று முன்னறிய முடியாத புதுமையும் எந்த அபாயத்தில் சேர்கின்றனவோ, அந்த அபாயத்தை மக்கள் அதன் மரணக் கணக்கைக் காட்டிலும் பெரிதாக அஞ்சுகிறார்கள். சாரதியில்லா வண்டியில் இவ்விரு தன்மைகளும் ஒருங்கே அமைந்துள்ளன. பஸ் சாரதி தவறு செய்தால் அந்தத் தவறு நமக்கு விளங்குகிறது. தூங்கினார், அவசரப்பட்டார், முந்தப் பார்த்தார் என்கிறோம். அவரும் அதே பள்ளத்தில் நம்மோடு வீழ்கிறார். நம் உயிருக்கு அவருடைய உயிரே பிணையாக நிற்கிறது. யந்திரத்துக்கு இழப்பதற்கு உயிரில்லை. இந்த வேற்றுமையை உணர்ந்து தயங்குகின்ற பிரயாணியின் அச்சத்தில் விவேகம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மக்கள் அச்சத்தைப் புள்ளிவிவரத்தால் போக்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் புள்ளிவிவரமும் இலகுவில் கிட்டுவதன்று. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வுநிலையம் 2016இல் செய்த கணக்கு இது: தானோடி ஊர்தி அந்நாட்டு மனிதச் சாரதிகளைவிட அதிக மரணங்களை விளைவிக்காது என்பதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியோடு நிரூபிக்க வேண்டுமாயின், ஓர் உயிரும் போகாமல் 27 கோடியே 50 லட்சம் மைல் ஓடிக்காட்ட வேண்டும், நூறு வண்டிகளை அல்லும் பகலும் இடைவிடாது ஓட்டினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் செல்லும். அங்ஙனம் ஓடிக்காட்டிய பின்பும் அது அரிசோனாவின் நேரான, உலர்ந்த வீதிகளுக்கே பிரமாணமாகும். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு ஆகாது.

ஐவரைக் காப்பதற்காக ஒருவரைக் கொல்லலாமா என்று யந்திரத்தைக் கேட்கின்ற புதிரைப் பற்றிப் பத்திரிகைகள் நிரம்ப எழுதியிருக்கின்றன. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 233 நாடுகள், பிரதேசங்களிலிருந்து ஏறக்குறைய நான்கு கோடி தீர்ப்புகளைத் திரட்டிற்று. தத்துவ மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சி. மலைவீதியில் ஓட்டுகின்றவர் முன் நாள்தோறும் நிற்கின்ற கேள்வியோ, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாதபோது எவ்வளவு மெதுவாகப் போவது என்பதுதான்.

முழுமையான தானோடி வண்டி எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று சோதிடம் சொல்வதற்கில்லை. அரைகுறையான தானோடி வண்டி முன்னமே வந்துவிட்டது. ஜப்பானில் சில காலம் ஓடியபின் இங்கே இறக்குமதியாகின்ற டொயோட்டா, சுசுகி வண்டிகள் பலவற்றில், எதிரேயுள்ள வாகனத்தை நெருங்கினால் தாமாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும், வீதிக்கோட்டைத் தாண்டினால் ஒலியெழுப்பும் ஏற்பாடும் உண்டு. அவற்றுட் சில, திறப்பைத் திருப்பியவுடன் ஒரு பெண்குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அந்நாட்டு அதிவேக வீதிகளின் கட்டண அட்டை செருகப்படவில்லை என்னும் அறிவிப்பு அது. கெலிஓயாவில் அந்த அட்டைக்கு வேலையில்லை. இருந்தும் வீட்டார் அக்குரலை நிறுத்துவதில்லை. வண்டி நம்மை வரவேற்கிறது என்று குழந்தைகள் சொல்லிக்கொள்வார்கள். பேசுகின்ற பொருளிடம் மனிதர் உள்ளம் இவ்வாறு இளகுவதை விஞ்ஞானிகளும் அளந்து பார்த்திருக்கிறார்கள். வேய்ட்ஸ், ஹீஃப்னர், எப்லி என்னும் மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாவனை ஊர்தியொன்றில் சிலரை அமர்த்தி, ஒரு சாராருக்கு அதை வெறும் யந்திரமாகவும், மற்றொரு சாராருக்கு ஐரிஸ் என்னும் பெயரும் பெண்குரலும் உடையதாகவும் அளித்தார்கள். குரலும் பெயரும் பெற்ற ஊர்தியைப் பிரயாணிகள் அதிகமாக நம்பினார்கள். பிறிதொரு வாகனத்தால் விபத்து நேர்ந்தபோதும் படபடப்புக் குறைந்தவர்களாக இருந்தார்கள். ஊர்தியின்மீது பழிசுமத்தவும் தயங்கினார்கள். ஊர்தியின் திறமை இரண்டு சாராருக்கும் ஒன்றேயாக இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். திறமை கூடாமலே நம்பிக்கையை மாத்திரம் கூட்டிவிடுகின்ற இந்த உபாயம் விற்பனைக்காரர் கையில் அகப்பட்டால் ஆபத்தானது.

யாழ்ப்பாணம் செல்லுகின்ற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கடப்பது அரிது; பஸ்ஸின் முகப்பில் புத்தர் படமோ முருகன் படமோ மாலையுடன் இருக்கும். பிரயாணத்தில் மனிதனுக்கு உறுதுணை வேண்டியிருக்கிறது; அது இயல்பு. ஆனால் பிள்ளையாரைக் கும்பிட்ட சாரதி தம் கண்ணை வீதியிலிருந்து எடுத்துவிடுவதில்லை. பிரேக் பிடித்துத் தருகின்ற யந்திரத்தை நம்புகின்றவரோ எடுத்துவிடுகிறார். லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்னும் உளவியல் அறிஞர் 1983இலேயே இதனைத் தெளிவாக எழுதினார்: இலகுவான வேலைகளையெல்லாம் யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, யந்திரத்தால் இயலாத அந்த ஒரு கடினமான கணத்தை மாத்திரம் மனிதரிடம் விட்டுவைக்கிறோம்; அந்தக் கணத்துக்குள் அவர் பழக்கத்தை இழந்தவராகவும் கவனம் சிதறியவராகவும் ஆகிவிடுகிறார். டெம்பே விபத்தில் விசாரணையாளர் கண்டதும் இந்த அசட்டையைத்தான். அதற்கு அந்த ஊழியர் ஒருவரை மாத்திரம் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒன்றும் நேராத நூறு இரவுகள் எவருடைய விழிப்பையும் தின்றுவிடும்.

நம்பிக்கையை எவ்வாறு கட்டியெழுப்புவது என்பதற்கு உதாரணம் தேடி நான் கடல்கடந்து போக வேண்டியதில்லை. கெலிஓயாவைக் கடந்து கம்பளைக்கும் பதுளைக்கும் போகின்ற புகையிரதப் பாதையிலேயே அது இருக்கிறது. பேராதனைச் சந்திக்கு அப்பால் அது ஒற்றைப் பாதை. மேலே செல்லும் வண்டியும் கீழே இறங்கும் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓட வேண்டும். மலையகப் பாதையின் நிலையங்களில், பிரம்பு வளையமொன்றில் தொங்கும் தோற்பையை நிலைய ஊழியர் தூக்கிப் பிடிக்க, நகரும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வதைக் கண்டவர்கள் பலர். பைக்குள் இருப்பது டெப்லட் என்னும் உலோக வில்லை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. மறுமுனையின் சம்மதமின்றி எந்தப் பெட்டியும் வில்லையைத் தராது. ஒரு வில்லை வெளியே இருக்கின்றவரை இரு பெட்டிகளும் மற்றொன்றைத் தர மறுக்கும். கையில் அந்த வில்லை இருந்தால் எதிரே வேறு வண்டி இல்லை. 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தின் நொரிச் நகருக்கு அருகே, தந்திச் செய்தியில் நேர்ந்த தவறொன்றினால் ஒற்றைப் பாதையில் இரு புகையிரதங்கள் நேருக்கு நேர் மோதிப் பலர் மாண்டார்கள். அதன்பின் எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் இந்தச் சாதனத்தைக் கண்டார். மனிதர் சொல்லை மனிதர் நம்புகின்ற இடத்தில் தவறு நேர்ந்தது. அந்தத் தவறே இனி நேர இடமில்லாதபடி யந்திரம் அமைக்கப்பட்டது. அதன் தத்துவமோ பாமரருக்கும் ஐந்து நிமிடத்தில் விளக்கக் கூடியது. சாரதி வில்லையில் பொறித்திருக்கும் நிலையப் பெயரைத் தம் கண்ணாலேயே படித்துப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துகிறார்.

கோடிக்கணக்கான எண்களால் நெய்யப்பட்ட கணினியின் தீர்மானத்தை அவ்வாறு கையில் எடுத்துப் படித்துப் பார்க்க முடியாது. அதனை ஆக்கியவர்களாலேயே, ஒரு குறிப்பிட்ட கணத்தில் அது ஏன் அவ்வாறு செய்தது என்பதைப் பெரும்பாலும் பிற்பாடு பதிவுகளைத் துருவித்தான் அறிய முடிகிறது. ஆகவே பதிவுகளை மறைக்காமை இந்தத் துறையில் நம்பிக்கையின் ஆதாரமாகிவிடுகிறது. 2023 ஒக்ரோபர் 2ஆம் திகதி சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், மனிதர் ஓட்டிய வாகனமொன்று மோதித் தள்ளிய பெண்மணியொருவர் குரூஸ் நிறுவனத்தின் தானோடி ஊர்தியின் முன் வீழ்ந்தார். ஊர்தி அவர்மீது மோதி நின்றது. பின்னர், கீழே மனிதர் இருப்பதை அறியாமல், ஓரங்கட்டுவதற்காக மீண்டும் நகர்ந்து அவரை ஏறத்தாழ 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. முதல் மோதலுக்குக் காரணம் தானோடி ஊர்தி அல்ல என்பதை எவரும் ஒப்புவர். ஆனால் அந்த இழுத்துச் சென்ற செய்தியை நிறுவனம் அதிகாரிகளுக்கு முழுமையாகச் சொல்லவில்லை. அம்மாதமே கலிஃபோர்னியா அரசு அனுமதியை நிறுத்திற்று. அடுத்த ஆண்டில் நிறுவனம் பொய்யான அறிக்கை அளித்ததை ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டொலர் அபராதம் செலுத்த உடன்பட்டது. 2024 டிசம்பரில் அதன் தாய்நிறுவனமாகிய ஜெனரல் மோட்டர்ஸ் அந்த வாடகை ஊர்தித் திட்டத்தையே கைவிட்டது. டெம்பேயில் நேர்ந்த பிழையை நாம் இவ்வளவு நுட்பமாக அறிந்திருப்பது, அதைச் சுதந்திரமான சபையொன்று விசாரித்து விநாடிக் கணக்கோடு உலகறிய வெளியிட்டதனால்தான்.

நம் மலைவீதிகளுக்கு இந்த விஞ்ஞானம் முதன்முதலில் வரக்கூடிய வடிவம் சாரதியை நீக்குகின்ற ஊர்தியாக இராது. சாரதியைக் கவனிக்கின்ற கருவியாக இருக்கும். நீண்டதூரப் பஸ்களில் களைப்பைக் கண்டறியும் சாதனம் பொருத்துவது பற்றிய பேச்சு நம் நாட்டிலும் எழுந்திருக்கிறது. அதன் இயக்கம் எளியது: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சாரதியின் முகத்தில் வீசி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் அவருடைய இமைகள் நூற்றுக்கு எண்பது பங்கேனும் மூடியிருந்தன என்று சிறிய கமராவொன்று அளக்கிறது, அளவு மிஞ்சினால் ஒலியெழுப்புகிறது. நள்ளிரவுக்குப் பின் றம்பொடை வளைவுகளில் ஐம்பது அறுபது பேரைச் சுமந்துகொண்டு இறங்குகின்ற ஒரு மனிதருக்கு இது மெய்யான துணை. இதனை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆயினும் அந்த ஆசனத்தில் இருப்பவரின் மனோபாவத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தம் முகத்தை இரவு முழுவதும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்க, அது எழுதிவைக்கின்ற கணக்கு தம் சம்பளத்தை வெட்டுவதற்கா, தமக்கு ஓய்வு கொடுப்பதற்கா என்று தெரியாதவர், ஒரு வாரத்துக்குள் அதன்மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார். இமை கனத்த நேரங்களின் பதிவு டிப்போவின் நேர அட்டவணையைத் திருத்துவதற்குப் பயன்பட வேண்டும்; விபத்து நேர்ந்தால் அது போக்குவரத்துச் சபையிடமோ பஸ் உரிமையாளரிடமோ தங்கிவிடாமல், வேறொரு சுயாதீனக் குழுவிடம் முத்திரையோடு சேர வேண்டும்; இறந்தவர்களின் உறவினர் கேட்டால் அவர்களுடைய மொழியிலேயே அது விளக்கிச் சொல்லப்பட வேண்டும். இந்த மூன்றையும் சட்டத்தில் எழுதிய பின்பே முதற்கருவியைப் பஸ்ஸில் பூட்டவேண்டுமென்று இவ்வீதியின் ஓரத்தில் வாழ்கின்றவன் என்ற உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.